கொல்லைப்புறத்தில் ஓர் அடுப்பு

வசந்தம் வந்தால் அமெரிக்காவின் லூயிஸியானாவில் சமையல் கொல்லைப்புறத்துக்குக் குடிபோய்விடுகிறது. இறாலுக்குப் பங்காளியான கிராஃபிஷ் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெந்ததும் பழைய பத்திரிகை விரித்த மேஜைமீது அண்டாவோடு கவிழ்ப்பார்கள்.

கிரில் அடுப்புக்குப் பக்கத்தில் பொருத்தும் காஸ் பர்னர்கள் கடைகளில் பளபளக்கின்றன. பளபளப்பா தண்ணீரைக் கொதிக்க வைக்கும்? சாதாரண பர்னரின் சக்தி மணிக்கு 10,000 முதல் 15,000 பி.டி.யு. குழம்புக்கு அது தாராளம். அண்டாவுக்கோ 60,000 போல வேண்டும். அதுவும் முழங்கால் உயரத்தில் இருந்தால்தான் இறக்குகிறவர் இடுப்பு பிழைக்கும்!

குழாயில் வரும் இயற்கை வாயுவா, சிலிண்டர் புரொபேனா என்று முதலில் கேட்டுக்கொள்வது அவசியம். முன்னதற்கான பெரிய துவாரத்தில் புரொபேனை விட்டால் ஜ்வாலை சீறி எழும். புரொபேன் காற்றைவிடக் கனம்; கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே, சிலிண்டரை ஒளித்து வைக்கும் அலமாரி எத்தனை அழகானாலும், அடியில் காற்றுத் துவாரம் இல்லையென்றால் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.