நாளைக்கு ஒரு பக்கம்

கதை எழுதுகிறவனிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் இரண்டு வகைப்படுவார்கள். தாங்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டதை நம் வாயால் கேட்டு மகிழ வருகிறவர்கள் ஒரு வகை. தங்களால் சொல்ல முடியாததை நம்மைக் கொண்டு பிறருக்குச் சொல்ல வைக்க வருகிறவர்கள் மற்றொரு வகை. சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தபோது, அவனை இரண்டாம் வகையில் சேர்த்துவிட்டேன். அங்கேயே தவறு ஆரம்பித்துவிட்டது.

பெண்ணுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ படிக்கிறாள். கையில் ஒரு பெரிய அட்டை ஃபைல். அதற்குள் அவள் வரைந்த சித்திரக்கதை. நாம் காமிக்ஸ் என்று சொல்கிறோமே, அந்தச் சமாசாரம்.

"காமிக்ஸ் வரைஞ்சேதான் பிழைக்கப் போறேங்கறா. நீங்கதான் இவளுக்குப் புத்தி சொல்லணும், அண்ணா" என்றான் தம்பி.

இம்மாதிரி சந்தர்ப்பங்களுக்கென்று பெரியவர்கள் எல்லோரிடமும் ஒரு பிரசங்கம் தயாராக இருக்கும். நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கலை வேறே, வயிற்றுப்பாடு வேறே அம்மா. முதல்லே ஒரு பட்டத்தை வாங்கிக்கோ..." என்று ஆரம்பித்தேன். தம்பி கையை உயர்த்தித் தடுத்தான்.

"அது எனக்குச் சொன்ன புத்தி, அண்ணா. அது வேண்டாம். வேறே ஏதாவது இருந்தாச் சொல்லுங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. காப்பியோடு வந்த என் மனைவி வாசற்படியில் ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

அவன் எதைச் சொல்கிறான் என்பதை நேயர்களுக்கு நான் சொல்லியாக வேண்டும்.

1990களின் கடைசியில் நாங்கள் திருச்சி உறையூரில் குடியிருந்தோம். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகங்கள் விற்கும் ஒருவரிடம் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும். நான் கதையைப் படித்துவிட்டு எறிந்துவிடுவேன். தம்பி மட்டும் அந்தப் படங்களின் மேல் எண்ணெய்க் காகிதத்தை வைத்து வரைந்து பழகுவான். பழகிப் பழகி, கோடு போடாத நோட்டு ஒன்றில் சொந்தமாகவே ஒரு துப்பறியும் கதையை ஆரம்பித்தான். மொத்தம் 48 பக்கம் என்று திட்டம். 44 பக்கம் முடித்துவிட்டு என்னிடம் கொண்டு வந்தான்.

நான் அப்போது கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு, எழுத்தாளனாகப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்திருந்தவன். மூன்று நாவல்களை ஆரம்பித்திருந்தேன். ஒன்றுகூட ஐந்தாவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை. தம்பியின் நோட்டை வாங்கிப் படித்தேன். நன்றாக இருந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் சோறு போடாதுடா. போய்ப் பரீட்சைக்குப் படி" என்றேன். அவன் வாதாடவில்லை. வணிகவியல் படித்தான், வங்கிப் பரீட்சை எழுதினான், இப்போது மானேஜராக இருக்கிறான். அந்த நோட்டு எங்கே போயிற்று என்று நான் கேட்டதில்லை.

அன்று நான் பேசியது தம்பியின் மேலுள்ள அக்கறையால் என்று வெகு காலம் நினைத்திருந்தேன். அவனைவிட எனக்கே அப்படி நினைப்பது தேவையாக இருந்தது.

இத்தனையும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்: "பெரியப்பா, உற்சாகமே வராத நாள்லே நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. அது அவளுக்குத் தெரியாது. "ஒரு மாசம் தவணை கொடு, யோசிச்சுச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

அந்த ஒரு மாதமும் சித்திரக்கதைக்காரர்களின் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன். இந்தத் தொழில் பெரிய தொழிலாக வளர்ந்த இடங்களில் அமெரிக்கா ஒன்று. எனவே அங்கிருந்தே தொடங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது வயிற்றெரிச்சலான கதை. கிளீவ்லாந்து நகரத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள்: கதை எழுதியவர் ஜெர்ரி சீகல், படம் போட்டவர் ஜோ ஷஸ்டர். இருவரும் சேர்ந்து படைத்தவன் சூப்பர்மேன். 1938-ஆம் வருஷம், பக்கத்துக்குப் பத்து டாலர் வீதம் பதின்மூன்று பக்கத்துக்கு 130 டாலர் வாங்கிக்கொண்டு, சூப்பர்மேனின் மேல் இருந்த சகல உரிமைகளையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது இருவருக்கும் வயது இருபத்து மூன்று. அந்தப் பாத்திரம் கோடி கோடியாகச் சம்பாதித்தது. அதைப் படைத்தவர்கள் பல வருஷம் வழக்காடித் தோற்றார்கள். ஷஸ்டருக்குக் கண் பார்வை மங்கியது. சீகல் குமாஸ்தா வேலை பார்த்தார். 1975-இல்தான், ஊர் முழுவதும் நியாயம் கேட்ட பிறகு, ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், கதையில் அவர்கள் பெயரைப் போடும் கௌரவமும் கிடைத்தன. 130 டாலரையும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட அந்தப் பழைய காசோலை 2012-இல் ஏலத்துக்கு வந்தபோது 1,60,000 டாலருக்குப் போயிற்று!

அதே காலத்தில், அதே தொழிலில் இருந்த வேறொருவர் வில் ஐஸ்னர். 1917-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். தகப்பனார் நாடகத் திரைகளுக்குச் சித்திரம் தீட்டியவர்; அதனால் வீட்டில் கலை இருந்தது, காசு இல்லை. பிள்ளையும் அப்படியே ஆகிவிடுவானோ என்று தாயாருக்குக் கவலை. பையன் தெருவில் பத்திரிகை விற்றான். வளர்ந்ததும் கூட்டாளி ஒருவரோடு சித்திரக்கதைப் பட்டறை வைத்தார். ஒருவர் பென்சிலால் வரைவார், ஒருவர் எழுத்துப் பொறிப்பார், ஒருவர் மை தீட்டுவார். தச்சுப் பட்டறை மாதிரிதான். நல்ல வருமானம்.

1939-இல் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளோடு இணைப்பாக வரும் பதினாறு பக்கச் சித்திரக்கதைப் புத்தகம் தயாரிக்க அவருக்கு அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பாத்திரத்தின் உரிமை கடைசியில் தமக்கே சேர வேண்டும் என்று ஒப்பந்தம் பேசினார். பட்டறையில் தம் பங்கைக் கூட்டாளிக்கே விற்றுவிட்டார். 1940 ஜூன் 2 அன்று 'ஸ்பிரிட்' என்ற அந்தக் கதை வெளிவர ஆரம்பித்து, 1952 வரை வாரந்தோறும் வந்தது. யுத்தத்துக்குப் போன வருஷங்களில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஏழு பக்கத்தில் ஒரு முழுக் கதை. தொடர்கதை எழுதிய எனக்கு அது எப்பேர்ப்பட்ட உழைப்பு என்று தெரியும். நான் அத்தியாயத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டித் 'தொடரும்' போட்டுவிடலாம். அவருக்கு அந்தச் சலுகை இல்லை.

பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் அவர் என்ன செய்தார் தெரியுமா? ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுதாகாமல் எப்படிப் பாதுகாப்பது என்று சிப்பாய்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் மாதப் பத்திரிகைக்குப் படம் போட்டார். இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. யோசித்துப் பார்த்ததும் மரியாதை வந்தது. கையை ஓயவிடாமல் குடும்பத்தைக் காப்பாற்றினார், அவ்வளவுதான்.

1970-இல் அவருடைய பதினாறு வயது மகள் இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனாள். எட்டு வருஷம் கழித்து, தம்முடைய அறுபத்தோராவது வயதில், 'கடவுளோடு ஓர் ஒப்பந்தம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சித்திரப் புத்தகம் வெளியிட்டார். அதன் முதல் கதையில், ஆசையாக வளர்த்த பெண்ணைப் பறிகொடுத்த ஒருவன், ஒப்பந்தத்தை மீறிவிட்டாயே என்று கடவுளோடு சண்டை போடுகிறான். அந்தச் சண்டை தம்முடையதுதான் என்பதை ஐஸ்னர் பல வருஷம் வெளியே சொல்லவே இல்லை. 2005-இல் எண்பத்தேழாவது வயதில் இறக்கும் வரையில் புத்தகம் மேல் புத்தகமாக வரைந்துகொண்டிருந்தார். அந்த ராணுவப் பத்திரிகை நாட்களில் கை துருப்பிடித்திருந்தால், துக்கம் வந்தபோது அதைச் சொல்ல அவரிடம் என்ன இருந்திருக்கும்?

பெண் கேட்ட கேள்விக்கு நேரான பதில் மூன்றாவது மனிதரிடம் கிடைத்தது. சார்லி பிரௌன் என்ற பையனையும் ஸ்னூப்பி என்ற நாயையும் படைத்த சார்ல்ஸ் ஷுல்ஸ், முடி திருத்துபவர் ஒருவரின் மகன். மனச்சோர்வு அவருக்கு ஆயுள் முழுவதும் கூடவே வந்த உறவு. 1950 அக்டோபர் 2 அன்று ஏழே ஏழு பத்திரிகைகளில் தம் சித்திரத்தை ஆரம்பித்தார். எழுத்து, கோடு, மை எல்லாம் தம் கையாலேயே, உதவியாளர் கிடையாது. பிற்காலத்தில் கை நடுங்கியது; நடுங்கும் கோட்டோடேயே வரைந்தார். அரை நூற்றாண்டில் ஒரே ஒரு தடவை, 1997-இல் ஐந்து வாரம் லீவு எடுத்தார். மொத்தம் 17,897 சித்திரங்கள். கடைசிச் சித்திரம் 2000 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. அதற்கு முந்திய இரவு அவர் இறந்துபோயிருந்தார்.

இத்தனை நாளும் உற்சாகமாகவே இருந்திருப்பாரா? இருக்க முடியாது. உற்சாகம் விருந்தாளி மாதிரி. வந்தால் சந்தோஷம். அவன் வந்தால்தான் அடுப்பு மூட்டுவேன் என்று உட்கார்ந்திருந்தால் வீட்டார் பட்டினிதான்.

புரட்டாசியில் தம்பி வீட்டுக்குப் போனேன். பெண்ணிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முதலில் முந்நூறு பக்கக் காவியம் வேண்டாம். எட்டுப் பக்கத்தில் ஒரு கதை எடு, அதை முடி. சின்னச் சின்னக் கட்டங்களில் கதை முழுவதையும் முன்னாலேயே கிறுக்கிப் பார்த்துக்கொள். பிறகு பென்சில், எழுத்து, மை. மனசு ஓடாத நாளில் கட்டத்துக்குக் கோடாவது போடு. கூலி வேலை வந்தால் கேவலமாக நினைக்காதே. உன் பாத்திரத்தை மட்டும், கையெழுத்துப் போடும் காகிதத்தை இரண்டு தடவை படிக்காமல் யாருக்கும் கொடுத்துவிடாதே. அதை அப்பாவிடம் காட்டு. வங்கிக்காரனுக்கு அது பழக்கம்.

அவள் உள்ளே போய் ஃபைலைக் கொண்டு வந்தாள். இந்த ஒரு மாதத்தில் எட்டுப் பக்கக் கதை ஒன்றை அவள் முடித்தே விட்டிருந்தாள். நான் கொண்டுபோன புத்தியில் பாதி அவளுக்குத் தேவைப்படவில்லை.

தம்பி தெருவரைக்கும் வழியனுப்ப வந்தான். மாடிப்படியில் நின்று சொன்னேன்: "அன்னைக்கு நான் உன்கிட்டே சொன்னது அக்கறையிலே சொன்னது இல்லேடா. நீ நாற்பத்து நாலு பக்கம் முடிச்சிருந்தே. நான் ஒண்ணுமே முடிக்கலே. பொறாமை."

அவன் சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் அண்ணா" என்றான்.

"பின்னே ஏன் விட்டே?"

"கடைசி நாலு பக்கத்தை எப்படி முடிக்கிறதுன்னு எனக்குத் தெரியலை. நீங்க சொன்னது சௌகரியமாப் போச்சு."

அது உண்மையா, அல்லது என் மனச் சமாதானத்துக்காகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். பிறர் மனம் நோகப் பேசமாட்டான்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து, ஆறு மாதமாகத் திறக்காத நாவலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு பக்கம் வந்தது. நன்றாக வரவில்லை. மறுநாள் காலை அதைத் திருத்த உட்கார்ந்தபோது அடுத்த பக்கமும் வந்தது.