மழை நாட்டின் வெள்ளை வைன்

நமது சமையலறைகளில் இன்றும் புழங்கும் வினாகிரி என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. புளித்த வைன் என்பதே அதன் மூலப்பொருள். வினாகிரியை வீட்டுக்குள் அனுமதித்த நாம் அதன் தாயாகிய வைனைப்பற்றிப் பேசத் தயங்குகின்றோம். மதுவுக்குப் பரிந்துரை எழுதுவது எனது நோக்கமல்ல. ஒரு மண்ணின் விவசாயத்தைச் சொல்லும் பானம் என்பதால் எழுதுகிறேன்.

போர்த்துக்கலின் வடமேற்கில் இருக்கிறது மின்ஹோ பிரதேசம். 1908 ஆம் ஆண்டு எல்லை வகுக்கப்பட்ட 'வின்ஹோ வெர்தே' வைன் அங்கேதான் விளைகின்றது. பச்சை வைன் என்பது சொற்பொருள். நிறம் பச்சையல்ல, இளமையிலேயே அருந்தப்படுவது என்பதே அப்பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம்.

அத்திலாந்திக் சமுத்திரத்து மேகங்கள் அங்கே தாராளமாகப் பொழிகின்றன. அந்தக் குளிர்ச்சியே திராட்சையில் புளிப்பைத் தக்கவைக்கின்றது. அதே ஈரம்தான் இலைகளுக்குப் பூஞ்சண நோயையும் கொண்டுவருகின்றது. முன்னோர்கள் கொடிகளைக் கருங்கல் தூண்களின்மேல் பந்தலாக உயர்த்தினார்கள். கொடிக்குக் காற்றோட்டம் கிடைத்தது. பந்தலின்கீழ் சோளமும் மரக்கறியும் விளைந்தன.

இத்தகைய மண்ணில் இரசாயனத்தைக் கைவிடுவது இலகுவான தீர்மானமல்ல. கட்டிடக் கலைஞரான வாஸ்கோ க்ரொஃப்ட் தமது குடும்பப் பண்ணையில் அதைத்தான் செய்தார். 'அஃப்ரோஸ்' என்ற பெயரில் வரும் அவரது வெள்ளை வைன், லூரெய்ரோ என்ற திராட்சையிலிருந்து பிறக்கின்றது.

சேதன விவசாயம் என்றால் மருந்தே தெளிப்பதில்லை என்று நினைத்துவிடவேண்டாம். செப்பு கலந்த மருந்துக்கு அனுமதி உண்டு. ஏழு ஆண்டுகளில் ஹெக்டேயர் ஒன்றுக்கு 28 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. சர்க்கரை மிகக்குறைந்த வெள்ளை வைனில் சல்பைட்டின் உச்சவரம்பு லீற்றருக்கு 200 மில்லிகிராம். சேதன வைனுக்கோ 150.

திராட்சைத் தோட்டமொன்று சேதன முத்திரை பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் மாறுதல் காலம் கடக்கவேண்டும். இதைப் படித்தபோது எமது தேசம்தான் நினைவுக்கு வந்தது. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அதைத் தளர்த்திய தேசம் அல்லவா எங்களுடையது! இடைப்பட்ட மாதங்களின் நட்டத்தைச் சுமந்தவர்கள் வயலில் நின்றவர்களே. அங்கே ஒரு கொடிக்கு வழங்கப்படும் அவகாசம், இங்கே உழவனுக்கு வழங்கப்படவில்லை.

இனி, உணவுக்கு வருவோம். நாம் பொரித்த மீனில் தேசிக்காய் பிழிவது எதற்காகவோ, அதே வேலையை இந்த வைனின் புளிப்பு செய்கின்றது. எண்ணெய்ப்பிடிப்பை அறுத்து மீனின் சுவையை முன்னே கொண்டுவருகின்றது. ஜூன் மாதத்தில் புனித யோவான் திருநாளின்போது போர்ட்டோ நகரத் தெருக்களில் சாளை மீன் சுடுவார்கள். அதற்குப் பொருத்தமான துணை இது. உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் கொத்தமல்லி இலையும் சேர்த்து அவித்த மட்டிக்கும், ஆட்டுப்பால் சீஸுக்கும் இசையும். மாட்டிறைச்சிக் குழம்பின் முன்னால் இதன் குரல் எடுபடாது. இனிப்புப் பண்டத்தோடு சேர்ந்தால் வெறும் புளிப்பே எஞ்சும்.

வைன் அருந்தாத வாசகர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மேசையில் ருசியாக வந்துசேரும் அந்தப் புளிப்பும், விவசாயியை உறங்கவிடாத அந்த நோயும் ஒரே மழையிலிருந்து வருபவை. அந்த மழையோடு வாழப் பழகுவதற்கு ஆண்டுகள் தேவை, ஆணைகள் போதமாட்டா.