அனுமதி இலவசம்

பெங்களூரில் ஆவணப்படம் பார்க்க ஆசைப்படுகிறவருக்குத் தியேட்டர் வாசலில் வேலையில்லை. கல்வி நிறுவனங்களின் அரங்குகள்தாம் பெரும்பாலும் கதி. சர்ஜாபூர் பக்கம் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2022-இல் ஆறுகள், 2023-இல் காடுகள், 2024-இல் மலைகள் என்று ஆண்டுக்கொரு பொருள் எடுத்து விழா நடத்தியது. யாரும் வரலாம், காசு கிடையாது. ஆனால் ஒரு வாரநாள் மாலையில் சிவாஜிநகரிலிருந்து சர்ஜாபூர் சாலைக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு முழுப்படமே ஓடி முடிந்துவிடும்.

படங்கள் இப்படி வளாகங்களுக்குள் ஒதுங்கியதற்குக் காரணம் உண்டு. வாங்கித் திரையிட ஆளில்லை என்பது ஒன்று. 1952-ஆம் வருடத் திரைப்படச் சட்டம் ஆவணப்படத்துக்கும் தணிக்கைச் சான்று கேட்பது இன்னொன்று. 2004 மும்பை சர்வதேச விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் சான்றோடு வர வேண்டும் என்றார்கள். இயக்குநர்கள் கூடிச் சண்டை போட்டார்கள். விதி போயிற்று, ஆனால் தேர்வில் பல படங்கள் கழிக்கப்பட்டன. அவற்றைச் சேர்த்து அதே ஊரில், அதே நாட்களில், ‘விகல்ப்’ என்று தனி விழாவே நடத்திவிட்டார்கள்.

பெங்களூரில் வாழும் தீபா தன்ராஜ் 2011-இல் எடுத்த ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ படத்தை நான் பார்த்ததும் ஒரு கல்லூரி அரங்கில்தான். தமிழ்நாட்டில் 2004-இல் தொடங்கிய பெண்கள் ஜமாஅத் பற்றிய படம். புதுக்கோட்டை ஷரீஃபா கானம் முன்னின்று உருவாக்கியது அது. மணவிலக்கு, வரதட்சணை, அடி உதை என்று வரும் வழக்குகளை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தீர்ப்பது போதாது என்று இந்தப் பெண்கள் தாங்களே விசாரிக்கிறார்கள். குரலில் நயமெல்லாம் கிடையாது. கேள்வி மேல் கேள்வி விழும்.

அரங்கில் ஒரு வேடிக்கை. திரையில் ஒரு பெண் போட்ட போட்டில் நானும் இன்னும் நாலைந்து பேரும் சிரித்துவிட்டோம். மற்றவர்கள் ஆங்கில சப்டைட்டிலைப் படித்து முடித்து அப்புறம் சிரித்தார்கள். பின்வாசலில் துடைப்பத்தோடு ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். தமிழ்ச் சத்தம் கேட்டு வந்தவர். “இந்தப் பொம்பள நல்லா கேக்குது பாருங்க சார்” என்றார் என்னிடம், ஏதோ என் சொந்தக்காரியைப் பாராட்டுவது மாதிரி. உட்காருங்கம்மா என்றேன், சிரித்தாரே தவிர உட்காரவில்லை. சூப்பர்வைசர் வந்து கூப்பிட்டதும் போய்விட்டார்.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். மைக் கைமாறியது. “இது கேள்வி இல்லை, ஒரு கருத்து” என்று தொடங்கி ஏழெட்டு நிமிடம் பேசும் ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு, இங்கும் இருந்தார். நல்ல கேள்விகளும் வந்தன, எல்லாம் ஆங்கிலத்தில். ஜமாஅத்தையோ காவல் நிலையத்தையோ நேரில் பார்த்தவர் ஒருவர் அந்த மைக்கைப் பிடித்திருந்தால் பேச்சு எங்கே போயிருக்கும் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுவரொட்டி ஆங்கிலம், கேட்டில் அடையாள அட்டை, ரிஜிஸ்டரில் கையெழுத்து. ‘அனைவரும் வருக’ என்பதில் பாதிப் பேர் அங்கேயே உதிர்ந்துவிடுகிறார்கள்.

எல்லோரையும் உள்ளே உட்காரவைப்பது இந்த ஊருக்குத் தெரியாத வித்தையும் இல்லை. பசவனகுடி நேஷனல் கல்லூரியில் எச். நரசிம்மய்யா 1962-இல் பெங்களூர் சயன்ஸ் ஃபோரம் தொடங்கினார். ஒஹாயோவில் அணு இயற்பியல் படித்துவிட்டு வந்து, கதரும் காந்தி குல்லாயுமாகக் கல்லூரி விடுதி அறையிலேயே காலம் தள்ளிய மனிதர். 1970-களில் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். குடித்தனக்காரர்கள் நடுவில் இருக்கும் கல்லூரி அது. காய்கறிப் பையோடு வருகிறவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து அறிவியல் பேச்சு கேட்கலாம். இன்றைக்கு அதன் பெயரில் மெட்ரோ நிலையமே இருக்கிறது. புறநகரில் நூறு ஏக்கர் வாங்கிக் கட்டுகிறவர்கள் இந்த இட வசதியை எந்த விலைக்கும் வாங்க முடியாது.

அரங்கு நடத்தும் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கன்னடத்திலும் ஒரு சப்டைட்டில் போடுங்கள். துப்புரவு வேலை செய்கிறவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்தைச் சம்பளத்தோடு விடுங்கள். இந்த ஜமாஅத் படத்தை அல்சூரிலோ சிவாஜிநகரிலோ ஒரு ஞாயிறு மதியம் காட்டினால், தமிழ் தெரிந்த பலருக்குச் சப்டைட்டிலே வேண்டியிராது. ஸ்பீக்கர் மட்டும் நல்லதாக இருக்கட்டும். நம் அரங்குகளில் பாதிப் படங்கள் அதில்தான் கெடுகின்றன.