பண் சுமந்த குரல்

தருமபுரம் ப. சுவாமிநாதன் 2009இல் மறைந்தார். 1923இல் பிறந்தவர்; நிறைவாழ்வு வாழ்ந்தவர். அவர் போனபின்னும் அவர் குரல் ஓயவில்லை. கம்மாபுரம் வட்டாரத்துச் சிற்றூர்களில் மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் எத்தனையோ முறை அக்குரலைக் கேட்டிருக்கிறோம். பாடுபவர் யாரென்று அறியாமலேயே கேட்டு வளர்ந்தோம். பதிகம் தெரியும்; பண் காதில் ஏறியிருக்கும்; பாடியவர் பெயர் மட்டும் தெரியாது. கச்சேரி வித்துவானுக்கு இது குறை. ஓதுவாருக்கோ இதைவிடப் பெரிய சிறப்பு வேறில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பியப் பேராலயங்களில் ஆர்கன் இசைப்பவர் பெரும்பாலும் மக்கள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் அமர்ந்திருப்பார். இசை வழிபாட்டில் நிறையும். இசைப்பவர் முகம் தெரியாது. நம் கோயில்களில் ஓதுவாரும் சந்நிதியின் ஓரத்தில், கேட்போரை நோக்காமல் இறைவனை நோக்கி நிற்கிறார். மேடையில் அமர்ந்து பாடினாலும் சுவாமிநாதனின் பாட்டில் இந்த நிலை மாறியதில்லை. தம் பெயரோடு ஊராக ஒட்டிக்கொண்ட தருமபுர ஆதீனத்தில் அவர் பயின்ற பயிற்சியின் பயன் அது.

அவர் பாட்டில் சொல்லே தலைமை. பண்ணின் சாயலைச் சிறிதே காட்டிவிட்டுப் பாடலுக்குள் நுழைந்துவிடுவார். ழகரமும் ளகரமும், றகரமும் ரகரமும் தத்தம் இடத்தில் பிசகாமல் நிற்கும். இசைக்காகச் சொல்லை உடைப்பதில்லை. சொல்லுக்காக இசையை வறியதாக்குவதும் இல்லை. தக்கேசியில் காம்போதியின் பொலிவும், கௌசிகத்தில் பைரவியின் கனிவும், மேகராகக்குறிஞ்சியில் நீலாம்பரியின் தாலாட்டும் கேட்கும். ஆனால் கேட்டு முடித்தபின் மனத்தில் தங்குவது இராகமன்று, பதிகம்.

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பக்தி இலக்கியத்தை வகுப்பறையில் உரைநடையைப்போல வாசித்து, பொருள் சொல்லி, தேர்வு வினாவாகச் சுருக்கிவிடுகிறோம். ஒருமுறை நாம் நடத்திய வகுப்பில் பதிகமொன்றை முதலில் வாசித்தோம். பிறகு சுவாமிநாதனின் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்தோம். பாட்டு முடிந்ததும் பின்வரிசை மாணவி ஒருத்தி, "ஐயா, இவர் எங்கே மூச்சு விடுகிறார்?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டோம். சீர் முடிந்து பொருள் ஒருசிறிது இளைப்பாறும் இடங்களில்தான் அவர் மூச்சும் இளைப்பாறியது. யாப்பைப் பற்றி ஒரு மணி நேரம் நாம் பேசியதைவிட அந்த ஒரு கேள்வி அவர்களுக்கு மிகுதியாகக் கற்பித்தது.

பாட்டு ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது என்பதை நம் வட்டாரத்துப் பழங்கதை ஒன்றும் சொல்கிறது. தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்கிறது திருமுறைகண்ட புராணம். சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதற்கு அவர்கள் வந்து சேர்ந்த இடம் விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள எருக்கத்தம்புலியூர், இன்றைய இராசேந்திரப்பட்டினம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி பாடிக்காட்டப் பண்கள் வகுக்கப்பட்டனவாம். அவள் பெயரைப் புராணம் நமக்குத் தரவில்லை. ஏடுகளைக் கறையான் தின்றது. அவள் தொண்டையில் இருந்ததை அதனால் தின்ன முடியவில்லை.

சுவாமிநாதன் பெருந்தொகையான பதிகங்களை ஒலிப்பதிவாக விட்டுச் சென்றிருக்கிறார். கறையானை இனி அஞ்ச வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒலிப்பதிவு பாடிக்காட்டுமே தவிர, கேட்பவன் பாடுவதைக் கேளாது. பிழையாகப் பாடும் சிறுவனை நிறுத்தி, "இன்னொரு முறை பாடு" என்று சொல்லாது. தானாகப் பாடும் கருவி வந்துவிட்டதே, தனியே ஓதுவார் எதற்கு என்று கேட்கவும் அதே ஒலிபெருக்கி இடங்கொடுத்துவிடுகிறது. நாம் அஞ்சுவது இதைத்தான்.

பாடுவதற்கான இடமும் எளிதில் கிடைத்ததன்று. நம் மாவட்டத்துக் குமுடிமூலையைச் சேர்ந்த சிவனடியார் ஆறுமுகசாமி, தில்லைக் கோயிலின் சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட வேண்டும் என்பதற்காக முதுமையிலும் போராடினார். 2008இல் அரசாணை வந்தபின், காவலர் பாதுகாப்போடு பாடினார். பின்னர் அவரும் மறைந்தார். எப்படிப் பாடுவது என்று ஒருவர் காட்டினார். எங்கே நின்று பாடுவது என்பதற்காக மற்றவர் போராடினார். இருவர் இடமும் இன்று வெற்றிடம்.

இத்தகைய வெற்றிடத்தை என்ன செய்வது என்பதற்குத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் விடை இருக்கிறது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் இராசராசன் நியமித்தான். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். அதோடு அவன் நிறுத்தவில்லை. அவர்களில் ஒருவர் இறந்தால் அடுத்த உரிமையுடையவர் பாட வேண்டும்; அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும் என்றும் கல்லில் வெட்டுவித்தான். பாடுவோர் இறப்பர் என்பதை அறிந்தே பாட்டு நிற்காமலிருக்க வழி செய்திருக்கிறான்.

சுவாமிநாதனுக்கு நாம் செய்யத்தக்க அஞ்சலியும் அதுதான். கேட்கும் காதுகளோடு, ஒவ்வோர் ஊரிலும் கற்பிக்க ஓர் ஓதுவாரும், அவர்முன் அமர்ந்து கற்க ஒரு பிள்ளையும், இருவருக்கும் குறையாத முக்குறுணி நெல்லும் வேண்டும்.