கேட்கும் செவி

தலை வலித்தால் தைலம் உண்டு. காய்ச்சல் கண்டால் மாத்திரை உண்டு. மனம் வலித்தால் எங்கே போவது? இவ்வாண்டு காலாண்டுத் தேர்வு வரை இக்கேள்வி எனக்குள் எழுந்ததே இல்லை, தோழியரே.

கணக்கில் நான் பெற்ற மதிப்பெண் 31. ஒன்பதாம் வகுப்பு வரை தொண்ணூறுக்குக் குறையாதவள் நான். விடைத்தாளைப் பையின் அடியில் மறைத்தேன். அன்றிரவு முதல் உறக்கம் அகன்றது. கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். எனக்குப் பிடித்த களியும் கீரைக் குழம்பும்கூடத் தொண்டையில் இறங்க மறுத்தன. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் என் தந்தையார் ஞாயிறுதோறும் தொலைபேசியில், "என் பொண்ணு டாக்டராவா" என்பார். "ம்" என்று மட்டும் சொல்லி, அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை, ஆகவே கண்ணேறுதான் என்று முடிவு செய்தார். நெடி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பாட்டிக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றபோதுதான் சுவரில் அந்த எண்ணைக் கண்டேன்: 14416. ஒரு சனிக்கிழமை, அம்மா களை எடுக்கப் போயிருந்த வேளையில், அவருடைய கைப்பேசியை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடினேன். எங்கள் ஊரில் அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"சொல்லும்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றது ஒரு பெண் குரல். நான் அழுதேன். அழாதே என்று அவர் சொல்லவில்லை. அழுது முடித்த பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடச் சொல்லித் தந்தார். மதிப்பெண் ஒரு பொருட்டே அல்ல என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் அது பெரும் பொருட்டுதான். மாறாக, "வீட்டுல யார்கிட்ட முதல்ல சொல்லலாம்?" என்று கேட்டார். "அம்மா" என்றேன். எப்படித் தொடங்குவது என்று இருவரும் ஒத்திகையே பார்த்தோம்!

இந்த டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமே இதற்குத் தலைமை மையம். நம் நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. எல்லா ஊருக்கும் மருத்துவர் வர இயலாது. குரலாவது வரலாம் அல்லவா? இதற்கு முன்பே, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்தில் அமர்ந்திருப்பார். மருத்துவர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார். மருந்தும் அதே பேருந்தில் கிடைக்கும். இதைப் படித்தபோது வியந்து போனேன்.

ஆனால் தொலைபேசிக் குரலால் தலையைத் தடவ முடியாது. அன்று இருமுறை அழைப்பு துண்டித்தும் போயிற்று. மறுபடி அழைத்தபோது பேசியவர் வேறொருவர். முதலிலிருந்து சொல்வது கடினமாகத்தான் இருந்தது.

அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். அவர் முதலில் அஞ்சியது மதிப்பெண்ணுக்காக அல்ல. "ஊருல பைத்தியம்னு சொல்லிட்டா என்ன கண்ணு பண்றது?" என்று கலங்கினார். பிறகு விடைத்தாளை வாங்கிப் பார்த்து, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அடுத்த வாரம் நான் மீண்டும் அழைத்தபோது அருகிலேயே அமர்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும், "நானும் ஒரு வார்த்தை பேசலாமா?" என்று கைநீட்டினார். அந்த ஒரு வார்த்தை முடிய அரை மணி நேரம் ஆயிற்று. நான் எழுந்து தள்ளிப் போய் நின்றேன். என்ன பேசினார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 58. உறக்கம் பெரும்பாலும் வருகிறது. அப்பாவிடம் நாங்கள் இருவரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆண்டு மலரை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர் அவர்.

— பத்தாம் வகுப்பு மாணவி