முன்பணம் யாருடைய பணம்?

வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம், ஏதேனும் யோசனை சொல்லுங்கள் என்று கேட்கும் நண்பர்களிடம், வாங்கும் முன்பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள் என்பதையே நாங்கள் முதலில் சொல்வது வழக்கம். நல்ல குடித்தனக்காரரைப் பிடிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இந்த விடை ஏமாற்றத்தைத் தரும். தரட்டும்.

நாங்கள் இருவருமே ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள். தியாகராய நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்னே ஒரு மாடிப் போர்ஷனில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்தோம். மந்தைவெளியில் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டுக்கு வந்த அன்றே, மாடி காலியாக இருந்த காரணத்தால், வீட்டுக்காரர்களும் ஆகிவிட்டோம். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது சென்னையில் ஊறிப்போன பழக்கம். கொடுத்த காலத்தில் அது கொள்ளையாகத் தெரிந்தது. வாங்கிய காலத்தில் ஊர் வழக்கமாகத் தெரிந்தது.

ஆள் தேடிய விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மயிலாப்பூர் வட்டாரத்தில் 'சைவம் மட்டும்' என்று எழுதிய டு-லெட் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பலகையில் எழுதக் கூசுவதைத் தரகர் வாயால் கேட்டுவிடுவார். எங்கள் தரகரும், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டு வடிகட்டித்தான் ஆட்களை அழைத்துவந்தார். காலையில் வகுப்பில் புறநானூறு நடத்திவிட்டு வந்த நாங்கள், மாலையில் அந்த வடிகட்டலைக் காதில் விழாததுபோல் ஏற்றுக்கொண்டோம். இன்று கேட்பவை மூன்றே: எத்தனை பேர், எங்கே வேலை, முன்பு இருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண். மூன்றாவதுதான் பயன் உள்ளது. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐவர் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தரவேண்டும் என்று ஆணை பிறந்தது. அந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

இனி 2019. அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. எங்கள் கிணறும் கைவிரித்தது. லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது என்பது ஒப்பந்தத்தில் இல்லை; ஆகவே ஒவ்வொரு லாரிக்கும் ஒரு மனக்கசப்பு. மாடியில் இருந்தவர் ஜூன் மாதம் அடையாறில் தண்ணீர் உள்ள வீடு ஒன்றைப் பார்த்துக் காலி செய்தார். மாத வாடகை 14,000. அவர் தந்திருந்த முன்பணம் 1,40,000. அதை அதற்கு முந்திய ஆண்டே ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில் போட்டிருந்தோம், தண்ணீர் வராத அதே கிணறு.

"அடுத்தவர் வந்ததும் தந்துவிடுகிறோம்" என்றோம். எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வதுதானே!

அவர் கோபப்படவில்லை. "சார், அடுத்தவர் கொடுத்தாத்தான் என் பணம் வரும்னா, அது என் பணமா, அவர் பணமா?" என்று மட்டும் கேட்டார்.

தண்ணீரில்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? மூன்று மாதம் கழித்து, பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, 1,26,000 கொடுத்தோம். புது வீட்டு முன்பணத்துக்காக அவர் மனைவியின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயிருந்தன என்பது பிற்பாடுதான் எங்கள் காதுக்கு வந்தது.

அப்போது நாங்கள் அறியாத ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது அது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறுவிதமாக உடன்பட்டால் தாண்டலாம் என்றொரு சந்தையும் விட்டுவைத்திருக்கிறது, பத்து மாதம் இன்னும் உயிரோடிருப்பது அந்தச் சந்தில்தான். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும், ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாத வரை, வீட்டுக்காரர் பொறுப்பு. நாங்கள் பிடித்துக்கொண்ட 14,000 எந்தக் கணக்கிலும் எங்களுடையது அன்று. தாமதமாக அனுப்பிவைத்தோம்.

இப்போது மூன்று மாதம்தான் வாங்குகிறோம். அது வங்கியில் தனி வைப்பாகக் கிடக்கிறது. பத்திரத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்கிறோம். பதினோரு மாத ஒப்பந்தம் என்பது ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குக் கட்டாயமான பத்திரப் பதிவைத் தவிர்க்கும் பழைய தந்திரம். புதிய சட்டத்தின் பதிவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. லாரித் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு வரி. குடிவரும் நாளில் சுவர், குழாய், மின் மீட்டர் எல்லாவற்றையும் இரு தரப்பும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வது. மாடிக்குப் போகவேண்டுமென்றால் முதல் நாளே எழுதித் தெரிவித்துவிடுவது. நம் வீடுதானே என்று கதவைத் தட்டும் பழக்கம் விட வெகுநாள் ஆயிற்று.

சென்ற ஆண்டு வீடு பார்க்க வந்த பெண், எங்களிடம் முன்பு குடியிருந்தவர்களின் எண்களைக் கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்தோம், அடையாறுக்குப் போனவரிடம் அனுமதி கேட்டு அவர் எண்ணையும் சேர்த்து. இரண்டு நாள் கழித்து வந்தார். அவர் என்ன சொன்னார் என்று நாங்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. முன்பணத்துக்கு ரசீது வேண்டும் என்றார்.