ஒரு பைசாவின் நகரம்

படிக்கிற வயதில் ஏதாவது ஒரு பெருநகரத்தைப் பார்க்க வேண்டும், கையில் காசு அதிகம் இல்லை, எங்கே போகலாம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் கல்கத்தாவைத்தான் சொல்வேன். டெல்லியையும் மும்பையையும் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சட்டைப்பை மெலிந்திருந்தாலும் மரியாதை குறையாமல் சுற்றிவர, நான் பார்த்தவரையில் இந்தியாவில் அதற்கு ஈடான ஊர் இல்லை.

மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது நண்பனும் நானும் கிளம்பினோம். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 1977 முதல் ஓடுகிற வண்டி. அப்போதெல்லாம் காலையில் சென்ட்ரலில் ஏறினால் மறுநாள் மதியத்தையொட்டி ஹவுராவில் இறக்கிவிடும். இப்போது ஹவுராவுக்குப் பதில் ஷாலிமார் வரை போகிறது. அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறும் பொடி தடவிய இட்லியும் விசாகப்பட்டினம் தாண்டியும் கெடவில்லை. ஆகவே ஊர் போய்ச் சேரும்வரை டீயைத் தவிர வேறு செலவு இல்லை.

ஹவுரா நிலையத்தின் வாசலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைக் கடந்து சற்று நடந்தால் படித்துறை. மிகச் சொற்பமான கட்டணத்தில் படகில் ஏறி ஹூக்ளி நதியைக் கடந்து நகரத்துக்குள் போய்விடலாம். அலுவலகம் போகிறவர்கள், மீன்கூடைக்காரர்கள், சைக்கிளோடு ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் அதே படகுதான். நடு ஆற்றிலிருந்து ஹவுரா பாலத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஏறத்தாழ 26,500 டன் எஃகு. நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே இணைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943இல், ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பயந்து, திறப்புவிழா எதுவும் இல்லாமலே அதைத் திறந்தார்களாம். பாலத்தின் அடியில் மல்லிக் காட் பூச்சந்தை. ஆள் உயரத்துக்குச் செவ்வந்தி மாலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மனிதர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

சாப்பாட்டுக்கு அங்கே 'பைஸ் ஹோட்டல்' என்று ஒரு வகை உண்டு. பைஸ் என்பது பழைய நாணயம். அறுபத்துநாலு சேர்ந்தால் ஒரு ரூபாய். கிராமங்களிலிருந்து வந்து மெஸ்களில் தங்கியிருந்த மாணவர்களுக்காகவும் குமாஸ்தாக்களுக்காகவும் பிறந்தவை இந்தக் கடைகள். கல்லூரித் தெருவுக்குப் பக்கத்தில் பவானி தத்தா சந்தில் இருப்பது ஒன்று. 'ஹிந்து ஹோட்டல்' என்று தொடங்கி, நாடு விடுதலை பெற்ற பிறகு 'ஸ்வாதீன் பாரத்' என்பதையும் பெயரோடு சேர்த்துக்கொண்ட கடை. நம் ஊரில் அளவுச் சாப்பாடு என்றால் தட்டில் வருவதற்கெல்லாம் சேர்த்து ஒரே விலை. அங்கே ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. சோறு ஒரு விலை, பருப்பு ஒரு விலை, வாழைப்பூப் பொரியல் ஒரு விலை, கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு ஒரு விலை. எலுமிச்சைத் துண்டுக்கும் வாழையிலைக்கும்கூடத் தனி. இலை போட்டதும் பரிமாறுகிறவர் அன்றைய அயிட்டங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். எங்களுக்கு வங்காள மொழி தெரியாது என்று கண்டதும் ஒரு பெரியவர் கையைப் பிடிக்காத குறையாகக் கரும்பலகைக்கு முன்னால் கூட்டிப்போய், ஒவ்வொரு விலையாகத் தொட்டுக் காட்டினார்.

முதலில் அது கறாராகத் தோன்றியது. இரண்டு வேளை சாப்பிட்ட பிறகு அதன் அருமை புரிந்தது. கையில் இருப்பது சோற்றுக்கும் பருப்புக்கும் மட்டும்தான் என்றால் அவ்வளவே வாங்கலாம். பக்கத்து இலைக்காரர் பெரிய கட்லா மீன் துண்டை வைத்துச் சாப்பிடுவார். அவருக்கும் அதே பெஞ்சு, அதே இலை, அதே கவனிப்பு. வாங்காத மீனுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. இல்லாதவன் என்று நம்மைத் தனியாக உட்காரவைப்பதும் இல்லை. இரக்கப்பட்டுப் போடுகிற சோற்றைவிட இந்த ஏற்பாடு எவ்வளவோ உயர்ந்தது. கடுகெண்ணெய் வாசம் நண்பனுக்குக் கடைசிவரை பழகவில்லை என்பது வேறு விஷயம்.

அங்கிருந்து காபி ஹவுஸ் நாலு எட்டு. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற இடம். உயர்ந்த கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள். இன்ஃபியூஷன் என்று கேட்டால் பால் சேர்க்காத காபி வரும், விலை குறைவு. அதை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்காரலாம். கீழே தெரு நெடுகப் புத்தகக் கடைகள். 1857இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு ஒரே ஆண்டில் பிறந்த கல்கத்தா பல்கலைக்கழகம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் வைத்தால் முகம் சுளிக்காத கடைக்காரர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

இதெல்லாம் தானாக அமைந்துவிட்ட மலிவு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். டிராமின் கதையைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நாங்கள் போனபோது கல்கத்தா டிராமில் இரண்டு பெட்டிகள். முன்பெட்டி முதல் வகுப்பு, மின்விசிறி உண்டு. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு, விசிறி இல்லை, கட்டணம் குறைவு. நாங்கள் எப்போதும் பின்பெட்டிதான். 1953 ஜூலையில் அந்த இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா உயர்த்தியது, அப்போது டிராம்களை நடத்திவந்த பிரிட்டிஷ் கம்பெனி. ஊரே எழுந்து நின்றது. மக்கள் டிராமில் ஏற மறுத்தார்கள், மறியல் செய்தார்கள், தடியடி பட்டார்கள், சிறைக்குப் போனார்கள். மாதம் முடிவதற்குள் உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. ஏழைக்கு ஒரு பைசா ஒரு பைசாதான் என்று ஒரு நகரம் முழுக்கச் சேர்ந்து சொன்ன மாதம் அது.

அதே 1953இல், அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், சென்னையில் டிராம் நின்றுபோனது. கல்கத்தாவுக்கு மின்சார டிராம் வந்தது 1902இல். சென்னைக்கு 1895இலேயே வந்துவிட்டது. முந்திப் பெற்றதை நாம் முந்தி இழந்தோம். இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படும்.

அலிப்பூரில் இருக்கும் தேசிய நூலகத்துக்கும் தவறாமல் போக வேண்டும். இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, கன்னிமாரா நூலகத்துக்கு வருவதுபோல் அங்கேயும் போகிறது. பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்தொகுதி அந்த நூலகத்தில்தான் பாதுகாக்கப்படுகிறது. தமிழ் படிக்கிற மாணவன் ஆயிரத்தறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்து தன் சொத்தை அங்கே பார்க்கலாம். அதற்குச் செல்வம் தேவையில்லை, அடையாள அட்டை போதும். 1814இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் தூபியின் செந்நிறக் கல்வேலிகளைப் பார்ப்பதற்கும் பெருஞ்செலவு இல்லை. விக்டோரியா நினைவகத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். கட்டடத்தைவிடத் தோட்டம் நன்றாக இருக்கும், அதற்குத் தனியாகக் குறைந்த கட்டணச் சீட்டும் உண்டு.

ஒரு நகரம் பெரியதா என்பதை அதன் கோபுரங்களை வைத்து நான் அளப்பதில்லை. கையில் நூறு ரூபாயோடு நிற்கிற இருபது வயதுக்காரன் அன்று அங்கே எதையெல்லாம் பார்க்கலாம், எங்கெல்லாம் உட்காரலாம், எத்தனை பேரோடு சமமாகச் சாப்பிடலாம் என்பதை வைத்தே அளக்கிறேன். அந்த அளவில் கல்கத்தா மிகப் பெரிய நகரம். ஆனால் அங்கேயும் நிலைமை மாறுகிறது. இந்தியாவின் முதல் மெட்ரோவை 1984இல் ஓடவிட்ட ஊர் 2024இல் ஹூக்ளி நதிக்கு அடியிலும் மெட்ரோ விட்டிருப்பது மகிழ்ச்சிதான். அதே ஆண்டில், எஸ்பிளனேடு – மைதான் தடம் தவிர மற்ற டிராம்களை நிறுத்திவிடப்போவதாக மாநில அரசு அறிவித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பைசாவுக்காகச் சிறை சென்றவர்களின் ஊரில் டிராம் வெறும் காட்சிப்பொருளாகக் கூடாது.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு ரயில்வே, இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதிப் பெட்டியிலும் பாதிக் கட்டணச் சலுகை தருகிறது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம். 2020இல் மூத்த குடிமக்கள் உள்ளிட்ட பலரின் சலுகைகளை நிறுத்தியபோதும் மாணவர் சலுகையை அவர்கள் எடுத்துவிடவில்லை. முதல்வரின் கையெழுத்தோடு படிவம் கொடுத்தால் கிடைத்துவிடும். இந்த ஆண்டு உங்கள் வகுப்பில் ஒரு குழுவுக்காவது அந்தப் படிவத்தை வாங்கிக் கொடுங்கள்.